காலி மாத்திரை அட்டை

"மொத அடி விழுந்த அன்னைக்கே கெளம்பி வந்திருக்க வேண்டியதுதானே?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. இப்போது நான் வேலை பார்க்கும் தையல் கூடத்தில் பக்கத்து மிஷினில் உட்காரும் பெண் கேட்டாள். வீட்டை வாடகைக்குக் கொடுத்த அம்மா கேட்டார். புகார் எழுதிக்கொண்ட இடத்தில் ஒருவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தன் வீட்டுப் பெண்ணைக் கண்டிப்பதுபோலக் கேட்டார். கேட்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அதனாலேயே எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. கிளம்பி வருவது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்ட எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாத வேலையையும் கடைசி நாளில் நானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன். எங்கள் மலையில் பிறந்து வளர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

இப்போது இருக்கும் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இருந்த ஊரையும் சொல்லப் போவதில்லை. கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. படிப்படியாக இறங்கும் காடு, ஒரே ஒரு ரோடு. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, "இங்கயே இருந்துரலாம் போல இருக்கு" என்பார்கள். இருந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றும்.

கட்டியவனை இனி 'அவன்' என்றுதான் எழுதுவேன். ஒன்பது வருடம் 'அவரு' என்று சொன்னது போதும். ஊரில் அவனுக்கு நல்ல பெயர். மழையில் ரோட்டில் மண் சரிந்தால் மண்வெட்டியோடு முதலில் நிற்பான். யாருக்காவது பிரசவ வலி என்றால் தன் பிக்-அப் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறப்பான். "தங்கமான பய" என்பார்கள். தங்கமான பயல் என் முகத்தில் அடித்ததே இல்லை. ஸ்வெட்டர் மூடுகிற இடமாகப் பார்த்து அடிப்பான். எங்கள் ஊரில் பன்னிரண்டு மாதமும் ஸ்வெட்டர்தான். குளிருக்குப் போட்டுக்கொள்கிறாள் என்று ஊர் நினைத்தது, அல்லது அப்படி நினைத்துக்கொள்வது ஊருக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சத்தம் ஆரம்பித்ததும் அத்தை எழுந்து வருவார். தடுக்க இல்லை. டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். மறுநாள் காலையில் எதுவுமே நடக்காததுபோல, "இந்தாத்தா, அந்தக் காபிய வெரசா குடு" என்பார். அவன் அடித்ததைக்கூட ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன். அந்த டி.வி. சத்தத்தை மறக்கமாட்டேன்.

கோபத்தில் கிளம்பியும் பார்த்தவள்தான் நான். கேள்வி கேட்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். கல்யாணமாகி ஆறாவது வருடம், மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தே அம்மா வீட்டுக்குப் போனேன். பக்கத்து மலையில்தான் அவர்கள் ஊர். நாலாம் நாள் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பழம், வெற்றிலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அவனும் வந்தான், தலையைக் குனிந்தபடி. "சின்னஞ்சிறுசுக, கோவத்துல கை நீட்டிட்டான். இனிமே செய்ய மாட்டான். நீயும் கொஞ்சம் வாயக் கொறச்சுக்கத்தா" என்றார்கள். பேசி முடித்ததும் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் இல்லையா? கோழிக் குழம்பு வைத்தது நான். தூக்க முடியாத வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இடது கையால் பரிமாறினேன். குழம்பு நன்றாக இருப்பதாக ஒருவர் சொன்னார். அன்று மாலையே என் அப்பா என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை முதுகிலும் தோளிலும் விழுந்த கை கழுத்துக்கு வந்தது. 'மறுபடி போவியா' என்று கேட்டபடி பிடிப்பான். எவ்வளவு அழுத்தினால் விட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாள் தெரியாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் எனக்காக நான் முடிவெடுக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளுக்கு ஐந்து வயது ஆனபோது ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலம் மேட்டில் அவன் பைக் சத்தம் கேட்டதும், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போகும். விறகு பிளக்கும் அரிவாளை இரண்டு கையாலும் தூக்கி உருளைக்கிழங்குச் சாக்குக்குப் பின்னால் வைக்கும். பிறகு திரும்பிப் போய் விளையாட்டைத் தொடரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல்நாள் பார்த்தபோது தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் பார்த்தபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. அவன்மேல் வந்த கோபம் இல்லை அது. அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருந்த என்மேல் வந்தது.

எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமை தடுப்பூசி போட நர்ஸ் வருவார். அந்த வருடம் புதிதாக வந்தவள் கீழ்நாட்டுப் பெண், என்னைவிட ஆறேழு வயது இளையவள். குளிர் தாங்காமல் இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க ஊசி போடுவாள். மகளுக்கு ஐந்து வயது ஊசி போடக் கூட்டிப்போன அன்று, ஸ்வெட்டர் ஏறிக் கன்றல் தெரிந்த என் கையைத் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் போகும்வரை என்னை உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, வீட்ல அடிக்கிறாரா?" என்றாள்.

எட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் கேட்கவில்லை. நான் "ஆமா" என்று சொல்வதற்குள் அழுது முடித்திருந்தேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "கழுத்தப் பிடிப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். பிடிப்பான் என்றேன். அவள் முகம் மாறியது.

"அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. போறேன்னு மட்டும் சண்டையில வாயத் தொறந்துறாதீங்க. கெளம்பப் போறோம்னு தெரியுற நேரந்தான் ரொம்ப ஆபத்து. உங்கம்மாகிட்டக்கூடச் சொல்ல வேண்டாம். எதுவுமே தெரியாத மாதிரி இருங்க. ஒவ்வொண்ணா செய்வோம்."

என்னை மாதாமாதம் வரவழைக்க ஒரு காரணம் வேண்டுமே? எனக்கு ரத்தசோகை என்று சொல்லிவிட்டாள். அது ஒன்றும் முழுப் பொய் இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் சரியாக இருக்கிறது? "எம் மருமகளுக்கு ஒடம்புல ரத்தமே இல்லயாம்" என்று அத்தை ஊர் முழுக்கச் சொன்னார். அவன் டவுனிலிருந்து மாதுளம்பழம் வாங்கி வந்தான், ஊரே பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு. "பொண்டாட்டிய எப்படிப் பாத்துக்கிறான் பாரு" என்றார்கள். அந்தப் பழத்தை உரித்துத் தின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் தோலையும் சேர்த்து மென்றிருப்பேன்.

புதன்கிழமைக்கு ஒரு வேலையாக நடந்தது. அத்தையின் இரும்புப் பெட்டியில் கிடந்த என் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுக்க மட்டும் இரண்டு மாதம் காத்திருந்தேன். அத்தை ஒரு சாவுக்குப் போன அன்று எடுத்தேன். நர்ஸம்மாவின் பதிவேட்டுக்குள் வைத்து அனுப்பினேன். கையிலும் முதுகிலும் இருந்த காயங்களை அவள் எழுதி வைத்தாள், தேதியோடு. அவளுடைய எண்ணை நான் என் செல்போனில் ஏற்றக்கூடாது என்பதால் மனப்பாடம் செய்தேன். பூண்டு உரிக்கும்போது அந்தப் பத்து எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே உரிப்பேன். போகிற ஊரில் மகளைப் பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்டால் அடுத்த நிமிடம் அவனுக்குத் தெரிந்துவிடும். டி.சி. இல்லாமலும் சேர்க்கலாம் என்று அவள் விசாரித்துச் சொன்னாள். திண்டுக்கல்லில் பெண்களுக்கான உதவி மையத்தில் ஒரு அம்மாவிடம் பேசி, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து எங்களை அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். பழைய பட்டன் போன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியாக நாள் குறிக்க வேண்டியிருந்தது.

"அவரு ஊர்ல இல்லாத நாளாப் பாருங்க" என்றாள்.

கேரட் லோடு போகிற நாள்தான் அது. லாரி சாயங்காலம் கிளம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போய்ச் சேரும். கூடப் போகிறவர்கள் சரக்கு விற்று, சாப்பிட்டு, அடுத்த நாள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். லோடு போகும் நாளுக்கு மறுநாள் காலையில் எனக்கு ரத்தப் பரிசோதனை, மகளுக்குக் கண் பரிசோதனை என்று நர்ஸம்மா சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாயங்கால பஸ்ஸுக்கு வந்துரணும்" என்றான். சரி என்றேன்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து யாரும் தனக்காக மட்டும் டவுனுக்குப் போக முடியாது. நீங்கள் போகப் போகிறீர்கள் என்று தெரிந்த நேரத்திலிருந்து வீட்டு வாசலுக்கு ஆள் வரும். மிக்ஸி ஜாரைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ரசீதைக் கையில் திணிப்பார்கள். மாத்திரை வேண்டுமென்றால் பெயர் சொல்ல மாட்டார்கள், காலி அட்டையைக் கொடுப்பார்கள். கடைக்காரரிடம் அந்த அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி வர வேண்டும். இதில் மறுப்பு என்ற பேச்சே கிடையாது. இன்று நீ வாங்கி வந்தால் நாளை நான் உனக்கு. அவ்வளவுதான் சட்டம்.

நர்ஸம்மாவுக்கு இதைச் சொன்னபோது சந்தோஷப்பட்டாள். "நல்லதாப் போச்சு. எட்டு வீட்டுச் சோலிய எடுத்துட்டுப் போறவ திரும்பி வராம இருப்பாளான்னு யாருக்கும் சந்தேகம் வராது" என்றாள். உண்மைதான். எனக்கும் அதுதான் பெரிய மறைப்பாக இருந்தது. ஆனால் அந்தச் சாமான்களை அப்புறம் என்ன செய்வது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று வெள்ளனே எழுந்தேன். பை எதுவும் எடுக்கக்கூடாது என்பதால் மகளுக்கு மூன்று கவுன்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே ஸ்வெட்டர் போட்டுவிட்டேன். நானும் இரண்டு சுடிதாருக்கு மேல் சேலை கட்டிக்கொண்டேன். மார்கழிக் குளிரில் யார் எவ்வளவு உடுத்தியிருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. என் தோடு அத்தையின் பெட்டியில் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். என் செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். வாசலில் நின்ற அத்தை ஒரு காலி அட்டையை நீட்டினார். பிரஷர் மாத்திரை.

"மறந்துறாதத்தா. நேத்தோட தீந்துருச்சு."

பஸ்ஸுக்குப் போகும் வழியில் நாலாவது வீட்டு மதினி ஓடி வந்தாள். அவள் பிள்ளைக்கு நாலு வயது, வலிப்பு உண்டு. அவளும் ஒரு காலி அட்டையைக் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு மாத்திரதான் கெடக்கு மதினி. நீங்க போறதுனால எனக்கு நிம்மதி" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

கொடைக்கானலில் இறங்கும்போது எட்டரை. திட்டப்படி நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போகும் அடுத்த பஸ்ஸில் ஏறுவது. ஏறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடை கடையாக ஏறி இறங்கினேன். மிக்ஸி ஜாரைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஜாக்கெட்டை வாங்கினேன். முள்ளங்கி விதை வாங்கினேன். மருந்துக் கடையில் இரண்டு அட்டையையும் காட்டி மாத்திரை வாங்கினேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள், தையல்காரரிடம் ஊக்கு சரியாக வைக்கவில்லை என்று சண்டை போட்டேன். மகள் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, கண்ணு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊர் பஸ் கிளம்பும். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எது யாருக்கு என்று துண்டுச் சீட்டு எழுதி வைத்து, கண்டக்டரிடம் கொடுத்தேன். "எங்க அத்தைகிட்டக் குடுத்துருங்கண்ணே" என்றேன். "நீ வரலயா தங்கச்சி?" என்றார். டாக்டர் லேட்டாக்குறாரு என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பன்னிரண்டேகாலுக்குத் திண்டுக்கல் பஸ் கிளம்பியது. சீட்டில் சாய்ந்தபோது, கொடுத்த வேலையை முடித்துவிட்டேன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

சாமான் கொடுத்து விட்டால் கண்டக்டர் போன் செய்வார் என்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான். பஸ் வரும் நேரம் ஆள் வந்து நின்றால்தானே கொடுக்க முடியும்? அவர் அப்போதே அத்தைக்குப் போன் செய்துவிட்டார். அத்தைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சாயங்கால பஸ்ஸில் வரப் போகிறவள் மத்தியான பஸ்ஸில் பையை ஏன் கொடுத்து விடுகிறாள்? உடனே மகனுக்குப் போன். அவன் உடனே நர்ஸம்மாவுக்குப் போன்.

நர்ஸம்மா பட்டன் போனில் என்னைக் கூப்பிட்டபோது பஸ் வெள்ளி அருவியைத் தாண்டியிருந்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க? பையக் குடுத்து விட்டீங்களா?" என்னைப் பதில் சொல்லவே விடவில்லை. "ஏங்க்கா? எதுக்குக் குடுத்தீங்க? அவரு எனக்குப் போன் பண்ணி, டெஸ்டு எங்க எடுக்குறாங்கன்னு கேட்டாரு. தெரியலன்னேன். 'மலைய விட்டு எறங்குனா திண்டுக்கல்லுக்குத்தான போவா, நான் அங்க போய் நிக்கிறேன்'னு வச்சுட்டாரு. ஒட்டன்சத்திரத்துல இருந்து அவருக்கு ஒரு மணி நேரம் ஆகாது. உங்களுக்கு மூணு மணி நேரம் இருக்கு. நீங்க திண்டுக்கல் போகாதீங்க. பெருமாள்மலைல எறங்குங்க. பழனி பஸ்ஸப் பிடிங்க."

பெருமாள்மலையில் இறங்கினோம். அங்கேதான் ரோடு இரண்டாகப் பிரியும், ஒன்று வத்தலக்குண்டுக்கு, இன்னொன்று பழனிக்கு. பழனி பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. எங்கள் பக்கத்து பிக்-அப் வண்டிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். ஒரு பழக்கடையின் பின்பக்கம், காலிப் பெட்டிகளுக்கு இடையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பெண் எதையும் கேட்கவில்லை. மகளுக்கு ஒரு பேரிக்காயை அறுத்துக் கொடுத்தாள். அறுத்த கத்தியை அவள் கீழே வைத்ததும், என் மகள் அதை எடுத்து ஒரு பெட்டிக்கு அடியில் தள்ளினாள். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். பஸ் வரும்வரை அவள் எங்களை மறைத்தபடி நின்றாள்.

பழனியில் வெயில் கொளுத்தியது. மூன்று கவுனும் ஸ்வெட்டருமாக மகள் வியர்த்துக் கொட்டினாள். அடிவாரத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சுற்றிலும் மொட்டைத் தலைகள், காவடிகள், பிள்ளையும் பையுமாகப் பெண்கள். நான் எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து "எங்கிட்டுக் கெளம்பிட்ட?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவளுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நாலரை மணிக்கு மையத்து அம்மா காரோடு வந்து சேர்ந்தார். அதே நேரத்தில் அவன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், வத்தலக்குண்டு பஸ் வந்து நிற்கும் இடத்தில், ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவனே பிறகு கோர்ட்டில் பெருமையாகச் சொன்னான், பொண்டாட்டி பிள்ளையைத் தேடி அலைந்ததாக.

ஏன் கொடுத்து விட்டேன் என்று நர்ஸம்மா பின்னால் ஒரு நாள் கேட்டாள். வலிப்பு மாத்திரை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்றேன். "எங்கிட்டச் சொல்லியிருந்தா மறுநா நானே கொண்டுபோயிக் குடுத்திருப்பேனே" என்றாள். உண்மை. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. ஏனென்றால் மாத்திரை பாதிக் காரணம்தான். மிக்ஸி ஜாருக்கும் முள்ளங்கி விதைக்கும் எந்தப் பிள்ளை காத்திருந்தது? ஊரை ஏமாற்றிவிட்டுப் போனாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். கழுத்தில் கை வைத்தவனிடமிருந்து ஓடும்போதும் நல்லவள் என்ற பெயரோடு ஓட ஆசைப்பட்டேன். யாரிடமிருந்து அந்தப் பெயர்? டி.வி. சத்தத்தைக் கூட்டியவரிடமிருந்து. கோழிக் குழம்பு சாப்பிட்டவர்களிடமிருந்து. ஒன்பது வருடம் கேட்காமல் இருந்தவர்களிடமிருந்து. பெண் பிள்ளைகளை எங்கள் ஊரில் இப்படித்தான் வளர்க்கிறார்கள். செத்தாலும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுச் சாக வேண்டும்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. அவனும் அவன் ஆட்களும் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு கேட்டிருந்தோம். என்னை விசாரித்த நாளில் அவன் தரப்பு வக்கீல் எழுந்து, அந்தத் துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. 'அத்தைக்கு பிரஷர் மாத்திரை, காலை ஒன்று.'

"உயிருக்குப் பயந்து ஓடினதாச் சொல்றீங்க. உயிருக்குப் பயந்தவங்க ஜாக்கெட் வாங்கி, மிக்ஸி ரிப்பேர் பண்ணி, மாமியாருக்கு மாத்திரை வாங்கி பஸ்ஸுல அனுப்புவாங்களா? இது கொடுமை நடந்த வீடா, இல்ல பாசமான வீடா?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். பல வருடமாக உடம்பில் சேர்ந்திருந்த சூடு முழுவதும் என் நாக்குக்கு வந்தது.

"அனுப்பினேன்" என்றேன். "கழுத்து நெரிபட்ட மறுநாளும் அந்த வீட்டுக்கு நான்தான் சமைச்சேன். அது பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழக்கம். அந்தப் பைய அனுப்பினதுனாலதான் அன்னைக்கு நான் மாட்ட இருந்தேன். அது ஒண்ணுதாங்க நான் செஞ்ச தப்பு."

வக்கீல் உட்கார்ந்தார். நர்ஸம்மா எழுதி வைத்திருந்த காயக் குறிப்புகள் தேதியோடு அங்கே இருந்தன. நாங்கள் கேட்ட உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. மகள் என்னோடுதான்.

உத்தரவு வந்த அன்று கோர்ட் வராண்டாவில் தனியாக நின்றிருந்தேன். அவன் அந்தக் கோடியில் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான். அத்தை மெல்ல என் பக்கம் வந்தார். மெலிந்திருந்தார். என்னமோ சொல்லப் போகிறார், ஒருவேளை மன்னிப்புக் கேட்பாரோ என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நினைத்தேன்.

அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது எந்தக் கடையில வாங்குனத்தா? அவனுக்குச் சரியா வாங்கத் தெரியல. வேற எதையோ வாங்கியாறான், தல சுத்துது. நீன்னா மறக்காம வாங்குவ. வாங்கிக் கண்டக்டர்கிட்டக் குடுத்து விடுறியா?"

என் கை தானாக முன்னால் போனது. பழக்கம். விரல் அட்டையில் படுவதற்கு முன்னால் அதைப் பார்த்தேன். என் கை அது. அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிய நாட்களில் தூக்க முடியாமல் கிடந்த அதே வலது கை.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"முடியாது அத்தை" என்றேன்.

அத்தை புரியாமல் நின்றார். எங்கள் ஊரில் இதற்கு முன்னால் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அட்டை அவர் கையில் நீட்டியபடியே இருந்தது. மகளுக்குப் பள்ளி விடும் நேரம் ஆகியிருந்ததால் நான் படியிறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.